உன் பையில் அந்தச் சீசா வேண்டாம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் சுகம். அப்பாவின் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி தன் மருந்துக்கடையைத் திறக்கத் தவறாமல் போய் வருகிறார். உன் சுகத்தைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது, அதை நீ எனக்குச் சொல்லாமல் அவரிடம் சொல்லியிருக்கிறாய். போனில் பேசினால் என்னை முடிக்க விடமாட்டாய், அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய குரல் செய்தியை உன் அப்பா வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டு, சமையல் மேடையில் வைத்துவிட்டுக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மாதா மாதம் உயிர் போகிற வலி, கர்ப்பப்பைக்கு வெளியேயும் சதை வளர்கிறதாம், டாக்டர் கஞ்சா எண்ணெய் எழுதிக் கொடுத்திருக்கிறார், இப்போதுதான் நிமிர்ந்து நின்று வேலை பார்க்கிறேன், அம்மாவின் பணி ஓய்வு விழாவுக்கு ஊருக்கு வரும்போது அதை ஷாம்பு பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவரப் போகிறேன் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கப்பா" என்கிறாய். அதை முதலில் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, நான் அவர் முதுகுக்குப் பின்னால் பாத்திரத்தோடு நிற்கிறேன். மனிதர் திருடனுக்குத் தேள் கொட்டியது போல முழித்தார்.

கோபம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஜெயிலில் பெண்கள் பகுதி வாசலில் நின்று கொண்டையையும் செருப்பையும் உதறிப் பார்த்துக் கஞ்சாப் பொட்டலம் பிடிக்கிறவள் வீட்டுப் பெண்ணே இப்படியா என்று இருந்தது. சாப்பிட உட்கார்ந்ததும் உன் அப்பா மெதுவாக ஆரம்பித்தார். பல நாடுகளில் அந்தக் காலத்து வைத்தியர்கள் மாத வலிக்கும் பிரசவ வலிக்கும் இதைத்தான் கொடுத்தார்களாம், மருந்துக்கடை அலமாரியில் சாராயத்தில் ஊறவைத்த சாறாகச் சீசாவில் நின்றதாம், அந்தச் செடியின் தண்டை ஊறப்போட்டு நார் உரித்து நூல் நூற்றதிலும் பெண்கள் பங்கு நிறையவாம். பிறகு சட்டம் வந்து சீசாவை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டது, வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது என்றார். ஏதோ ஒரு ராணிகூட அதைச் சாப்பிட்டாளாம். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டேன், ஊர்ப்பேச்சுதான் என்று ஒப்புக்கொண்டார். நான் விடவில்லை. நீங்கள் சொல்வது பாதிக் கதை, மீதியைக் கேளுங்கள் என்றேன். கஞ்சா வழக்கில் என்னிடம் வந்த பெண்களில் புகைத்து மாட்டினவர்கள் குறைவு. புருஷன் வண்டியில் ஏற்றின மூட்டைக்கு, மகன் கட்டிலுக்கு அடியில் ஒளித்த பொட்டலத்துக்குப் பழியை ஏற்றுக்கொண்டு வந்தவர்கள்தான் அதிகம். சிரிப்பு என்று நாங்கள் கூப்பிடுகிற ஒருத்தி, கொழுந்தன் கொடுத்த டப்பாவைத் திறந்துகூடப் பார்க்காமல் பஸ் ஏறினவள். அவள் குழந்தை நடை பழகியது எங்கள் முற்றத்தில்தான். விளைவிக்கிறவனும் விற்கிறவனும் வெளியே, சுமந்தவள் உள்ளே. இதைச் சொன்னதும் அப்பா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், சாப்பிடவில்லை.

இப்போது என் தீர்ப்பைச் சொல்கிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து, நீ இருக்கிற நாட்டுச் சட்டம் அனுமதித்த மருந்து, நீ சாப்பிடு. தலை குனிய வேண்டிய காரியம் இதில் ஒன்றுமில்லை. அத்தைக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாள் என்று யோசிக்காதே, உன் வயிற்றுவலியை அவள் வந்து வாங்கிக்கொள்ளப் போவதில்லை. அளவைக் கூட்டாதே, தூக்க மாத்திரையோடு சேர்க்காதே, சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டாதே, பிள்ளை உண்டாகிற யோசனை இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல், இது அப்பா சொல்லச் சொன்னது.

ஆனால் அந்தச் சீசாவை எடுத்துக்கொண்டு இங்கே வராதே. இந்த நாட்டுச் சட்டம் வேறு. ஷாம்பு பாட்டிலாம், எங்கள் வாசலுக்கு வந்த ஷாம்பு பாட்டில்களை வைத்து ஒரு கடையே போடலாம். விமான நிலையத்தில் சோதனை போடுகிறவளுக்கு உன் வலி தெரியாது, பாட்டிலின் கனம்தான் தெரியும். அந்த இடத்தில் நிற்கிறவள் நானாக இருந்தாலும் உன்னை விடமாட்டேன், விட முடியாது. மருந்தை விட்டுவிட்டு வலியோடு வருகிறேன் என்றும் கிளம்பாதே. விழா என்பது மேலதிகாரி ஒரு பேச்சுப் பேசுவார், நாங்கள் கைதட்டுவோம், அவ்வளவுதான். அதற்காக நீ சுருண்டு படுக்க வேண்டாம். விழா முடிந்ததும் நானே அங்கு வருகிறேன், டிக்கெட் எடுக்கத் தம்பியிடம் சொல்லிவிட்டேன். அப்பா தன் முழங்காலோடு உன் மாடியேறத் தயார் என்கிறார், நம்பாதே.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம், அப்பாவுடையதும். ஒன்றை மறக்காதே. நான் அங்கே இருக்கும்போது வலி வந்தால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாதே. என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கண் முன்னாலேயே அந்த மருந்தைச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா