அம்மாவுக்கு மயக்க மருந்து கொடுத்த நாள்

என் சின்னக்குட்டிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். கடிதத்தின் முதல் வரி அது என்பதற்காக இதை எழுதவில்லை. அம்மா பக்கத்து அறையில் தூங்குகிறாள், அவள் மூச்சு விடுவது இங்கே மேசை வரைக்கும் எனக்குக் கேட்கிறது, அதைக் கேட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன். நீ நலமா என்று இத்தனை வருடமாக ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டிருக்கிறேன், ஆனால் பதிலை ஒழுங்காகக் காதில் வாங்கியதில்லை. இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன். கால் வலி எப்படி இருக்கிறது, காலையில் எழுந்ததும் வருகிற அந்தக் குமட்டல் குறைந்ததா, வேலைக்கு நடுவில் படுக்க அந்தப் பின்னறை பெஞ்சைத் தருகிறார்களா, எல்லாம் விவரமாக எழுது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, பித்தப்பையைக் கல்லோடு எடுத்துவிட்டார்கள் என்று போனில் அன்றைக்கே சொன்னேன். ஆனால் போனில் பேசும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் இருந்தாள், காதுதான் மந்தமே தவிர என் முகத்தைப் பார்த்தே நான் என்ன பேசுகிறேன் என்று கண்டுபிடித்துவிடுவாள். அதனால் அங்கே நடந்ததை உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. எழுதித்தான் சொல்ல வேண்டும், அதுவும் அவள் தூங்கும்போது.

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கையோடு கொடுக்கச் சொல்லி நீ ஒரு பக்கத் தாள் அனுப்பியிருந்தாயே, அதை வீட்டிலேயே இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அம்மாவின் கைப்பையில் வைத்தேன், ஒன்றை என் சட்டைப்பையில் வைத்தேன். வார்டில் படுக்கை கொடுத்துவிட்டு நர்ஸ் வந்து பழைய நோய் ஏதாவது உண்டா என்று கேட்டபோது, சர்க்கரை மட்டும்தான் என்றாள் அம்மா. காது பற்றிச் சொல்லவில்லை, களைப்பு பற்றிச் சொல்லவில்லை, உன் வியாதி பற்றி மூச்சே விடவில்லை. சரி, தாளையாவது கொடுக்கலாம் என்று சட்டைப்பையில் கையை விட்டால் தாள் இல்லை. கைப்பையிலும் இல்லை. நான் அவளைப் பார்த்தேன், அவள் ஜன்னலைப் பார்த்தாள். இரண்டையும் மடித்துத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு அதன் மேலேயே சாய்ந்திருந்தாள். முப்பத்தொரு வருடம் கூட வாழ்ந்தவன் என்பதால் எனக்கு அது தெரிந்தது, நர்ஸுக்குத் தெரிய நியாயமில்லை. அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு வந்த கோபத்தை நீ ஊகித்துக்கொள். உனக்கு வியாதியின் பெயர் தெரிந்து நாலு வருடம் ஆகிறது. அன்றைக்கே டாக்டர்கள் சொன்னார்கள், இது அம்மா வழியாக வருவது, அம்மாவையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள் என்று. நாலு வருடமும் இவள் வயசாச்சு, அலைச்சல், தூக்கம் போதலை என்று நாளுக்கு ஒரு காரணம் சொல்லித் தட்டிக் கழித்தாள். ஒல்லி உடம்பில் சர்க்கரை, நாற்பது வயதில் காது மந்தம், துணி காயப்போட்டுவிட்டு வந்து அரை மணி நேரம் படுக்கை, இவ்வளவும் கண்ணெதிரில் இருந்தது. இப்போது மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள், எந்த மருந்து ஆகும் எது ஆகாது, எத்தனை மணி நேரம் பட்டினி போடலாம் என்று அவர்களுக்குத் தெரியாமல் இவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டால் வெளியே நான் என்ன செய்வது? கத்தியிருப்பேன். ஆஸ்பத்திரிகளில் நான் கத்தியதற்குக் குறைவே இல்லை என்று உனக்குத் தெரியும். உனக்குப் பரீட்சைப் பயம் என்று எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கத்தினேன், கல்யாணம் பண்ணி வையுங்கள் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்ன டாக்டரிடம் மேசையைத் தட்டிக் கத்தினேன், அவர்கள் முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை, மறக்கிற உத்தேசமும் இல்லை. ஆனால் நீ தாள் அனுப்பிய அன்றே போனில் சொல்லியிருந்தாய்: “அப்பா, சண்டை போடாதீங்க. தாளைக் குடுங்க, அவங்க படிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருங்க. அவ்வளவுதான் வேலை.” இருபத்தெட்டு வயதுப் பெண் அப்பனுக்கு உத்தரவு போடுகிறாளே என்று அப்போது உறுத்தியது. ஆனாலும் அன்றைக்கு நான் கத்தவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன், தாளை ஏன் ஒளித்தாய் என்று மட்டும் கேட்டேன்.

போர்வை நுனியை மடித்துக்கொண்டே அம்மா சொன்னாள்: “அதைக் குடுத்தா, அவளுக்கு இது என்கிட்டேருந்துதான் வந்ததுன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்.”

நாலு வருடமாக உன் அம்மா பயந்தது ஊசிக்கோ பரிசோதனை முடிவுக்கோ இல்லை என்று அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. ஊரில் எல்லா லிஃப்டின் கம்பியையும் தொட்டுப் பார்த்து எது அறும் எது அறாது என்று கையெழுத்துப் போடுகிற ஆள் நான், வீட்டுக்குள் என்ன அறுந்துகொண்டிருந்தது என்று தெரியவில்லை. அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று உனக்கு எழுத வேண்டும், ஏனென்றால் அது உனக்கும் சேர வேண்டிய வார்த்தை. “நீ குடுத்தது உனக்கே தெரியாது. நான் குடுத்தது எனக்குத் தெரியும்” என்றேன்.

உனக்குப் புரிந்திருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். பதின்மூன்று வயதில் உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது, லிஃப்ட் இருக்கிற கட்டடத்தில், லிஃப்ட் ஆய்வாளரின் வீட்டில், லிஃப்ட் உனக்குக் கூடாது என்று சட்டம் போட்டவன் நான். வயசானவங்களுக்கும் ஃப்ரிட்ஜுக்கும்தான் லிஃப்ட் என்று அதற்கு ஒரு வேடிக்கை வேறு. ஐந்தாம் மாடிக்கு ஏறி ஏறிக் கால் உரமாகும் என்று நினைத்தேன். நீ மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் மின்சார மீட்டர் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்துவிடுவாய், நான் மேலே கடிகாரத்தோடு நின்று எத்தனை நிமிடம் என்று குரல் கொடுப்பேன். அம்மா லிஃப்டில் மூன்றாம் மாடிக்கு இறங்கி வந்து அரை மாடி ஏறி உன் பக்கத்தில் உட்காருவாள். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாள் என்று அதற்கும் ஏசினேன். அந்த அரை மாடி ஏறியதிலேயே அவளுக்கும் கால் வராமல்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஒரே வியாதிக்காரிகள் இரண்டு பேர் படியில் உட்கார்ந்திருக்க, மேலே நின்று நிமிடம் எண்ணியிருக்கிறேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன், அதற்கும் உனக்குத் தெம்பு செலவாகும். தெரிந்துகொண்டேன் என்று மட்டும் எழுதிவைக்கிறேன்.

அம்மா தலையணை உறையிலிருந்து இரண்டு தாளையும் எடுத்துக் கொடுத்தாள். இனிமேல் நடந்ததுதான் நான் எழுத வந்தது. ஒன்றைக் கொண்டுபோய் நர்ஸிடம் கொடுத்தேன், அவள் பார்க்காமலே கோப்பில் செருகினாள். வார்டு டாக்டரிடம் இன்னொரு நகலைக் கொடுத்தேன், சர்க்கரை நோயாளிக்கு எதுக்கு சார் குளுக்கோஸ் ஏத்தணும், இதெல்லாம் இணையத்துல படிச்சதா என்று சிரித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தான். மறுநாள் அறுவை சிகிச்சைப் பட்டியலில் அம்மா ஆறாவது, அதாவது ராத்திரியிலிருந்து மத்தியானம் வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது என்றும் சொன்னான். அந்தப் பையனுக்கு நான் திருப்பிச் சொல்லியிருக்க வேண்டிய நாலு வார்த்தை இன்னும் என் நாக்கு நுனியில்தான் இருக்கிறது. விழுங்கிக்கொண்டு, மயக்க மருந்து டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லி, அந்த அம்மாள் வருகிற வழியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம். பெரியப்பா வந்தார், இங்க எதுக்குடா காவல்காரன் மாதிரி உக்காந்திருக்கே என்று கேட்டார், நாற்காலியை விட்டு நான் எழவில்லை.

அந்த டாக்டர் உன் வயதுதான் இருப்பாள். நடந்துகொண்டே தாளை வாங்கினாள். நீ முதல் வரியில் எழுதியிருந்தாயே, ‘இதைப் படிக்க ஒரு நிமிடம் ஆகும்’ என்று, அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நாலாவது வரிக்கு வரும்போது என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, திரும்ப முதலிலிருந்து படித்தாள். என்ன வியாதி, உடம்பின் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா சக்தி உண்டாக்குவதில் எங்கே தடங்கல், பட்டினி போட்டால் என்ன ஆகும், எந்த மருந்துகளில் கவனம் வேண்டும், எந்தத் திரவத்தை ஏற்றக்கூடாது, அம்மாவுக்கு இன்னும் பரிசோதனை ஆகவில்லை ஆனாலும் இருப்பதாக எடுத்துக்கொள்வது ஏன் பாதுகாப்பு, கடைசியில் உன் டாக்டரின் எண், உன் எண். ஏழு வரி. பயமுறுத்தல் இல்லை, கெஞ்சல் இல்லை. இதை எழுதினது டாக்டரா என்று கேட்டாள். இல்லை, என் மகள், பல் செட் செய்கிற ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள் என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “நான் கேக்கணும்னு நினைச்ச கேள்விக்கெல்லாம் இதுலயே பதில் இருக்கு சார். உங்க பொண்ணு ஒரு உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு எழுதியிருக்கா.” பிறகு அங்கிருந்தே உனக்கும் உன் டாக்டருக்கும் போன் போட்டது உனக்கே தெரியும். அம்மாவைப் பட்டியலில் முதலாவதாக மாற்றினாள். அளந்து குளுக்கோஸ் ஏற்றி மணிக்கொரு முறை சர்க்கரை பார்க்க ஏற்பாடு செய்தாள். சிரித்த பையனைக் கூப்பிட்டு அந்தத் தாளைச் சத்தமாகப் படிக்க வைத்தாள், அந்தக் காட்சியை மட்டும் எனக்காக ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொள்.

இருபத்தாறு வருடமாக நான் அறிக்கை எழுதுகிறேன். ஒன்றுகூடப் பத்துப் பக்கத்துக்குக் குறைந்தது கிடையாது, ஒவ்வொன்றிலும் யார் யார் முட்டாள் என்று விவரமாக இருக்கும். எந்த மேலதிகாரியும் அதைக் கடைசி வரை படித்ததில்லை, எனக்குப் பின்னால் சேர்ந்தவன் எனக்கு மேலே போய் உட்கார்ந்திருப்பது அதனால்தான் என்று உன் அம்மா சொல்வாள், நான் ஒப்புக்கொண்டதில்லை. இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். நீ ஏழு வரி எழுதினாய், ஓர் ஆஸ்பத்திரியே தன் ஒழுங்கை மாற்றிக்கொண்டது. உன்னை நடிப்பு என்றார்கள், சோம்பேறி என்றார்கள், உன் பெரியப்பா உனக்குப் ‘பேட்டரி’ என்று பட்டப்பெயர் வைத்து, பேட்டரி எழுந்தாச்சா என்று விசேஷ வீடுகளில் எல்லார் எதிரிலும் கேட்டார், அந்த மனுஷன் தெரியாமலே டாக்டர்களுக்கு முன்னால் வியாதியைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தால் எரிச்சலோடு சிரிப்பும் வருகிறது. யாரும் நம்பாத பதினோரு வருடத்தில், எப்போது என்ன வலித்தது என்று நோட்டில் எழுதி எழுதி, அதைத் தூக்கிக்கொண்டு டாக்டர் டாக்டராகப் போய் நீயே அதற்குப் பெயர் வாங்கினாய். நாற்பது நிமிடம் வேலை, பத்து நிமிடம் படுக்கை என்று மேற்பார்வையாளரிடம் பேசி வாங்கினாய். களைத்த பிறகு உட்காருவதில்லை, களைப்பதற்கு முன்னால் உட்கார வேண்டும் என்று நீ எழுதியபோது அது சாக்கு என்று நினைத்தேன். வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடு என்று போன கடிதத்தில் நான் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடு. உன் வேலையை நீ எப்படிச் செய்வது என்று இனி உனக்கு நான் சொல்லப்போவதில்லை. வேளைக்குச் சாப்பிடு என்று மட்டும் சொல்வேன், அதைக்கூடச் சொல்லாவிட்டால் பிறகு நான் எதற்கு.

அம்மாவின் ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வர ஆறு வாரமாம். ஆனால் வீட்டுக்கு அனுப்புகிற அன்று காலையில் புது நர்ஸ் ஒருத்தி வந்து, பழைய நோய் ஏதாவது உண்டா என்று அதே கேள்வியைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். காது மந்தம் என்பதால் தன் குரல் எவ்வளவு உயரம் என்று அவளுக்கே தெரியாது, உனக்குத் தெரியுமே. பழப்பையோடு நின்ற பெரியப்பா உட்பட வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்க அவள் சொன்னாள்: “எனக்கும் என் பொண்ணுக்கும் ஒரே வியாதி. முடிவு இன்னும் வரலை, ஆனா எனக்குத் தெரியும். அவதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா. பேரு கொஞ்சம் நீளம், மெதுவாச் சொல்றேன், எழுதிக்கம்மா.” ஒரு எழுத்துப் பிசகாமல் முழுப் பெயரையும் சொன்னாள். எந்த நேரத்தில் மனப்பாடம் பண்ணினாள் என்று தெரியவில்லை.

நீ எங்கே இருந்தாலும் உடம்பு உன் சொல் கேட்டு, மனசு குளிர்ந்து, நீண்ட ஆயுளோடு இரு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணு. என்னிடம் பேசி நேரத்தை வீணாக்காதே, நேராக அம்மாவிடம் கொடுக்கச் சொல். கொஞ்சம் சத்தமாகப் பேசு.

உன்னைப் பெற்றதில் பெருமைப்படுகிற,
அப்பா