அறையில் மூன்றாவது ஆள்

ஆண்டவருடைய இரக்கத்தில் வளர்ந்து ஆளான என் பேத்திக்கு உன் பாட்டி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் அப்பாவுக்குச் சளி, உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு நீங்கள் எல்லோரும் கூடிப் பேர் வைத்திருக்கிற அந்த வியாதி. மற்றபடி சுகம்தான்.

போன் இருக்கும்போது கிழவி எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் என் கையில் கொடுக்கிறான். அறையில் உட்கார்ந்து எழுதினால் நீ மாட்டச் சொன்ன கேமராவில் பார்த்து, பாட்டி என்ன எழுதுகிறாள் என்று உன் அப்பாவைக் கேட்பாய். ஆகையால் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்றவள்தான். ஆனாலும் என் கையெழுத்தைப் பார்த்து போஸ்ட் ஆபீஸ்காரர் நீங்க டீச்சரா என்று கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். வரி கோணியிருந்தால் அது வாளியின் குற்றம்.

நீ அங்கே பாலத்துக்கு வரைபடம் போடுவதை நான் சபையில் சொல்லாத ஆள் இல்லை. என் பேத்தி போட்ட பாலத்தில்தான் அங்கே லாரியெல்லாம் போகிறது என்று மருந்துக்கடைக்காரரிடமும் சொல்லிவிட்டேன். அவர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. போகட்டும், தெரிந்துகொண்டாரே.

கேமராவையும் நீ பாசத்தில்தான் வாங்கி அனுப்பினாய். பாட்டி விழுந்து கிடந்தால் தெரிய வேண்டுமே என்று. அதற்குள்ளிருந்து நீ பேசவும் முடியும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லி, நான்தான் காதில் வாங்கவில்லையோ என்னவோ.

என் விடியற்கால ஜெப நேரம் உனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையில் கதவைத் தட்டி அழுவாய், நான் திறக்க மாட்டேன். கல்யாணமாகி வந்த வீட்டில் திரும்பிய பக்கமெல்லாம் ஆள். அதனால் சாமான் அறையில் மூட்டைகளுக்கு நடுவே கதவைச் சாத்திக்கொண்டு முழங்கால் போட ஆரம்பித்தேன்; இப்போது என் கட்டில் கிடப்பதும் அதே அறையில்தான். ஒரு அதிகாரம் வாசிப்பேன், கேட்க வேண்டியதைக் கேட்பேன், பிறகு சும்மா இருப்பேன். அந்தச் சும்மா இருப்பதுதான் எனக்கு உயிர். ஆண்டவர் ஒரு நாளும் பேசியதில்லை. ஆனால் எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற அமைதி அது. உன் தாத்தாவும் அப்படித்தானே, பேப்பரை இறக்காமலே நான் சொல்வதையெல்லாம் கேட்பார்.

தாத்தா போன பிறகு அந்த அமைதி மெலிந்துகொண்டே வந்தது. அன்றைக்கு மனசு தாங்காமல், ஒரு வார்த்தையாவது பேசக்கூடாதா என்று கேட்டு அழுதுகொண்டிருந்தேன். அப்போது தலைக்கு மேலே குரல் வந்தது. என்ன ஆச்சு, ஏன் அழுறீங்க என்று கேட்டது.

பெண் குரலாச்சே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். காத்துக் காத்துக் கிடந்து வந்த குரலில் ஆணா பெண்ணா என்றா பார்ப்பார்கள்? ஆண்டவர் எனக்கு மரியாதை கொடுத்துப் பேசுகிறாரே என்று பெருமை வேறு. முகத்தைத் தரையில் வைத்துவிட்டேன். போதும் ஆண்டவரே, இந்த வீட்டில் எனக்கு வேலை முடிந்துவிட்டது, கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று, யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். பிறகு, பாட்டி, நான்தான் பாட்டி என்று நீ அழுதாய்.

நீ பயந்துபோய் உன் அப்பாவிடம் சொன்னாய். அவன் என் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டான். டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டால் வெயில் ஏறின பிறகுதான் கண் திறக்கிறது. என்னைப் பார்த்துக்கொள்ள ஒருத்தியை வைத்திருக்கிறார்கள். நல்லவள், தூக்கத்திலும் பேசுவாள். சபைப் பெண்கள் முறைவைத்து வந்து கட்டிலைச் சுற்றிப் பாடுகிறார்கள். போதகர் என் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, தனியா இருக்கிற மனசுலதான் சாத்தான் வந்து உட்காருவான் அம்மா என்றார். அப்போ ஆண்டவர் எங்கே ஐயா உட்காருவார் என்று கேட்டேன். காபி ஆறிப்போகுது என்று அவர் குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

கேமராவையாவது கழற்றுடா என்று உன் அப்பாவிடம் கேட்டேன். உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று உங்க பேத்தி ஒரு வார்த்தை சொல்லட்டும், உடனே கழற்றுகிறேன் என்கிறான். அதற்குத்தான் கண்ணு, இந்தக் கடிதம்.

உன்னிடம் ஒளிக்க மாட்டேன். போன வாரம் மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கிவைத்துத் துப்பிவிட்டு, விடியுமுன்னே எழுந்தேன். கேமராமேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு முழங்கால் போட்டேன். நீ உடனே உன் அப்பாவுக்குப் போன் போட, அவன் ஓடிவந்தான். அதற்கு முன்னால் எனக்குக் கொஞ்ச நேரம் கிடைத்தது. பழைய அமைதி வரவில்லை. முன்பு அந்த அறையில் பேசாத ஒருவர் இருந்தார். பேசினது நீ என்று தெரிந்த பிறகு சுவர்தான் இருக்கிறது. இத்தனை காலமும் சுவரோடுதான் பேசிக்கொண்டிருந்தேனா என்று போதகரிடம் போய்க் கேட்க முடியுமா? உன் தாத்தாவிடம் கேட்டிருப்பேன்.

இருந்தாலும் எனக்கு என் கதவு வேண்டும். ஒருவேளை அவர் வந்தால், அங்கே மூன்றாவது ஆள் இருக்கக் கூடாது. வராவிட்டால், நான் காத்திருப்பதை யாரும் பார்க்கக் கூடாது.

பாட்டிக்கு ஒன்றும் ஆகாது என்று நீ பொய் சொல்ல வேண்டாம். பாட்டியைக் கொஞ்ச நேரம் தனியே விடுங்கள் என்று மட்டும் சொல். சொல்வாய் என்று நான் பெரிதாக நம்பவில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் நானும் சொல்லமாட்டேன்.

என்ன அத்தை இவ்வளவு நேரம் என்று உன் அம்மா கதவைத் தட்டுகிறாள். கடிதத்தை ஒட்டித்தான் அவள் கையில் கொடுப்பேன். நேரத்துக்குச் சாப்பிடு. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ கூப்பிடும்போதெல்லாம் என்ன என்று கேட்க உனக்கு ஒருவர் இருக்கட்டும். அதை மட்டும் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். யாரிடம் என்று கேட்காதே.

உன்னைத் தூக்கி வளர்த்த
பாட்டி