புத்தகத்து வயசும் ஞானஸ்நான வயசும்

இராயபுரம்
10–1–1954

பிரியமுள்ள ஞானபாக்கியத்துக்கு,

தேவ கிருபையால் சுகம். கிறிஸ்துமஸுக்கு வந்து திரும்பியதிலிருந்து உன் நினைப்பாகவே இருக்கிறது. நீ கட்டிக் கொடுத்த முறுக்கில் பாதியைத் தின்றது மதார் சாகிப். துறைமுகத்தில் என் கிரேனுக்குக் கீழே நின்று, மூட்டையை ஏற்ற இறக்கக் கை காட்டுகிறவன். தின்றுவிட்டு, "இன்னா அண்ணே, அண்ணியை எப்போ இட்டாரப் போறே?" என்கிறான்.

மே மாதம் உனக்கு ஐம்பத்தைந்து. பள்ளிக்கூட வேலை முடிகிறது. உன் வேலை அங்கே, என் பிழைப்பு இங்கே என்று பிரிந்த அன்று என்ன பேசினோம்? யாருக்கு முதலில் ரிட்டயர் வருகிறதோ, அவர் மற்றவரிடம் வந்துவிட வேண்டும். கம்பெனிப் புத்தகப்படி எனக்கு இன்னும் மூன்று வருஷம் கிடக்கிறது. ஆகவே வர வேண்டியது நீதான். அறைக்கு வெள்ளையடித்தாயிற்று, கட்டிலும் வாங்கியாயிற்று. ஒண்டியாகப் பொங்கித் தின்று அலுத்துவிட்டது, பாக்கியம்.

உன்
தவசிமுத்து


24–1–1954

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம். கட்டில் வாங்கினீர்களாக்கும், என்னைக் கேட்காமலேயே! பள்ளிக்கூட மானேஜர் ஐயா இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார். ஒன்றாம் வகுப்புக்கு வேறு ஆளில்லையாம். நான் பதில் சொல்லவில்லை.

அது கிடக்கட்டும். கம்பெனிப் புத்தகப்படி நீங்கள் என்னைவிட மூன்று வயசு சின்னவர், தெரியுமா? ஊர் சிரிக்கும். இருபத்தைந்துக்கு மேல் ஆள் எடுக்க மாட்டார்கள் என்று ஐந்து வயசைக் குறைத்துச் சொன்னது நீங்கள்தானே? கோயில் ஞானஸ்நானப் புத்தகப்படி உங்களுக்கு ஐம்பத்தேழு. முறைப்படி எப்போதோ இங்கே வந்திருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தை எட்டப் பிடித்து, வரி தெரியாமல் சும்மா வாயசைத்தீர்கள். பார்த்தேன். அந்தக் கண்ணோடு அவ்வளவு உயரத்தில் உட்காருகிறீர்களே, பயமாக இருக்கிறது. வந்துவிடுங்கள்.

ஞானபாக்கியம்


5–2–1954

ஞானபாக்கியத்துக்கு,

என் கண்ணுக்கு ஒரு குறையுமில்லை. முப்பது வருஷத்தில் ஒரு மூட்டை தவறியதில்லை. அங்கே வந்து நான் என்ன செய்ய? நீ பள்ளிக்கூடம் போய் வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரவா? உனக்கு வர மனசில்லை. அதைச் சொல்.

தவசிமுத்து


20–2–1954

அன்புள்ள அத்தானுக்கு,

மனசில்லை என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? முப்பது கிறிஸ்துமஸ், வருஷத்துக்குப் பத்து நாள். நாம் சேர்ந்து இருந்தது ஒரு வருஷம்கூட இல்லை. சமைக்கும்போதெல்லாம் உங்களுக்கும் சேர்த்து உலை வைத்துவிட்டு, பிறகு ஒரு பிடி அரிசியை எடுத்துவிடுகிறேன்.

மானேஜர் ஐயாவிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். மே மாதம் வருகிறேன். ஆனால் நீங்கள் முழுசாக வீடு திரும்புவீர்களா என்று தினமும் வாசலைப் பார்க்க என்னால் ஆகாது. கோயிலில் எழுதி வாங்கிய ஞானஸ்நானச் சீட்டு இத்துடன் இருக்கிறது. ஆபீஸில் கொடுத்தாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி.

ஞானபாக்கியம்


12–3–1954

என் பாக்கியத்துக்கு,

செவ்வாய்க்கிழமை மதார் சாகிப் நிறுத்தச் சொல்லிக் கை தூக்கியிருக்கிறான். எனக்குத் தெரியவில்லை. மூட்டைகளை இறக்கிவிட்டேன். அவன் குதித்துப் பிழைத்தான். ஒரு செருப்பு மட்டும் அடியில் போயிற்று.

மேலே ஏறி வந்து திட்டுவான் என்று பார்த்தேன். "அண்ணே, ரெண்டு வருசமா நான் கொரல் குடுக்கறதாலதான் ஓடிக்கினு கீது. இன்னிக்கி தொண்டை கட்டிப் பூட்ச்சு" என்று அழுதான். அதுவரை எனக்கே தெரியாது, நான் அவன் குரலைக் கேட்டுத்தான் இறக்கிக்கொண்டிருந்தேன் என்று.

மறுநாள் உன் சீட்டை ஆபீஸில் கொடுத்தேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்த மாதத்தோடு போகச் சொல்லிவிட்டார்கள். கிரேனிலிருந்து இறங்கும்போது நானும் அழுதேன், மறைப்பானேன்.

கட்டில் மதார் சாகிப்புக்கு. நீ மானேஜர் ஐயாவிடம் போய், இரண்டு வருஷமும் இருக்கிறேன் என்று சொல். சுவரைப் பார்க்க நான் தயார். மணியடித்ததும் நேரே வீட்டுக்கு வந்துவிட வேண்டும், ஆமாம்.

முதலில் ரிட்டயர் ஆனவர் வர வேண்டும் என்பதுதானே பேச்சு? ஏப்ரல் முதல் தேதி ரயில் ஏறுகிறேன். ஸ்டேஷனுக்கு வா. தூரத்தில் நின்று கையசைக்காதே, எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் நீ வாயால் சொல்லாத என் பெயரை, யார் இருந்தாலும் கூச்சப்படாமல், உரக்கச் சொல்லிக் கூப்பிடு.

உன்
தவசிமுத்து