தெரியும் என்ற சொல்

அன்புள்ள மகன் அம்மோனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் மெரேயும் பேத்தி டூயியும் சின்னவனும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் தங்கச்சி கிர்ஸ்டன் சொன்னாள், அதுவே எனக்குப் போதும். நியூசிலாந்தில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், சின்னவனுக்கு நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள். இங்கே யூட்டாவில் வெயில் ஏறிவிட்டது, மலை உச்சியில் மட்டும் கொஞ்சம் பனி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாட்டுத் தீவனத்துக்குக் குதிரைமசால் முதல் அறுப்பு முடிந்து கட்டுக்கட்டி ஏற்றியாகிவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் வாய்க்காலில் நம் முறைத் தண்ணீர் வரும்போது வேறு யாரையும் மடை திறக்க விடமாட்டேன் என்கிறார். வான்கோழிக் கொட்டகைகளை இந்த வருடத்தோடு மூடிவிடலாமா என்று யோசனை. உடம்பளவில் நாங்கள் இருவரும் சுகம். மற்றதைச் சொல்லத்தான் காகிதம் எடுத்தேன், போனில் ஆரம்பித்தால் நீ, அத விடும்மா, டூயிகிட்ட பேசு என்று குழந்தை கையில் கொடுத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படிக் கைமாற்ற முடியாது பார்.

கிர்ஸ்டன் கல்யாணத்துக்கு உன்னால் வர முடியவில்லை. அன்றைக்கு நீ அனுப்பிய செய்தியில், வாயால ஒரு வார்த்தை நம்புறேன்னு சொல்லிட்டு ஆலயத்துக்குள்ள போயிருக்கலாமேம்மா, உனக்கு என்ன குறைஞ்சிடப் போகுது என்று கேட்டிருந்தாய். இன்டர்நெட்டில் சபைக்கு எதிராக எழுதுகிறவர்கள் யாராவது என் மனதைக் கலைத்துவிட்டார்களா என்றும் கேட்டிருந்தாய். நானும் பழைய சரித்திரமெல்லாம் படித்தேன், நமக்கு யாரும் சொல்லாத பல விஷயங்கள் அதில் இருந்தன, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதையெல்லாம் படித்தது பிற்பாடுதான். எனக்கு நடந்தது ஷாலிஸ் வீட்டில் நடந்தது, அதை உனக்கு நான் இதுவரை சொல்லவில்லை.

உன் தம்பி நீல்ஸ் போனபோது உனக்குப் பன்னிரண்டு வயது, உனக்கு ஞாபகம் இருக்கும். ஆறு வயதுப் பிள்ளை, இரத்தப் புற்று, சால்ட் லேக் ஆஸ்பத்திரியில் அவன் தலைமுடியெல்லாம் கொட்டி, கடைசியில் என் விரலைப் பிடிக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். அடக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்து, பரலோகப் பிதாவுக்கு அங்கே ஒரு ஊழியக்காரன் தேவைப்பட்டான், அதான் கூப்பிட்டுக்கிட்டார், சாவுக்குப் பிறகும் பிரியாதபடி ஆலயத்தில் முத்திரை போட்ட குடும்பம் உங்களது, பையன் உங்களுக்குத் திரும்பக் கிடைப்பான் என்றார்கள். நான் அதை அப்படியே வாங்கி உள்ளே வைத்துக்கொண்டேன். அழவில்லை. என்ன விசுவாசம் பாருங்க சகோதரிக்கு என்று ஊரே பேசியது. அதற்குப் பிறகு மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசக் கூட்டத்தில், சாட்சி சொல்ல விருப்பமுள்ளவர்கள் மேடைக்கு வரலாம் என்று சொன்னதும் முதல் ஆளாய் நான்தான் எழுந்து போவேன், மைக்கைப் பிடித்துக்கொண்டு, இந்தச் சபை மெய்யானதுன்னு எனக்குத் தெரியும், என் மகனை மறுபடி பார்ப்பேன்னு எனக்குத் தெரியும் என்பேன். நம் சபையில் நம்புகிறேன் என்று யாரும் சொல்வதில்லை, தெரியும் என்றுதான் சொல்ல வேண்டும், மழலை பேசும் பிள்ளையைக்கூட மேடைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காதில் ஓதி அப்படித்தான் சொல்ல வைப்போம். உன்னையும் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், நம் சபைக்கு வரும் சின்னப்பெண் ஷாலிஸின் பெண் குழந்தை எம்ரி வாய்க்காலில் விழுந்து போய்விட்டது. நடக்க ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை. மாதர் சங்கத் தலைவி சகோதரி போடெல் எனக்குப் போன் செய்து, நீங்க போனாதான் சரியா இருக்கும் சகோதரி, இந்த வழியில நடந்தவங்க நீங்கதான், உங்க வாயால ரெண்டு வார்த்தை சொன்னா அவளுக்குத் தெம்பு வரும் என்றாள். நானும் சாவு வீட்டுக்குச் செய்யும் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் போட்டுச் சுட்ட பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் வீட்டுச் சமையல் மேடையில் ஏற்கெனவே அதே மாதிரிப் பாத்திரங்கள் இடம் கொள்ளாமல் இருந்தன. ஷாலிஸ் துணி துவைக்கும் அறையில் தரையில் உட்கார்ந்து, குழந்தையின் காலுறைகளை ஜோடி சேர்த்து மடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குச் சொல்லப்பட்ட அதே வார்த்தைகளை, ஒன்று விடாமல், அவளிடம் சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்தாமலே, அது உங்களுக்குத் தெரியுமா சகோதரி, இல்ல உங்ககிட்டச் சொன்னாங்களா என்று கேட்டாள். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை அம்மோன், வழி தெரியாதவள் வழி கேட்பது போலக் கேட்டாள். தெரியும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எத்தனை தடவை மைக்கில் சொன்ன சொல், அன்றைக்கு வரவில்லை. சொன்னாங்கம்மா என்றேன். அவள் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். இதுவரைக்கும் வந்தவங்க எல்லாரும் தெரியும் தெரியும்னே சொல்லிட்டுப் போனாங்க என்று சொல்லி, என் மடியில் தலையை வைத்துக் கத்தி அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன். அவள் குழந்தைக்காக என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி மறுபடி அழுதபோதுதான் புரிந்தது, நீல்ஸுக்காக அழுகிறேன் என்று. அன்றைக்குத்தான் அவன் எனக்குச் செத்தான். அதுவரை அவனை எங்கேயோ ஊழியத்துக்கு அனுப்பிவிட்டு, நீ நியூசிலாந்துக்கு ஊழியம் போனபோது காத்திருந்த மாதிரிக் காத்திருந்திருக்கிறேன்.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வந்துவிட்டது. பாத்திரம் கழுவும்போது, முட்டை பொறுக்கும்போது, ஏதாவது ஒன்றை நினைத்தால் உடனே, மார்வா, இது உனக்குத் தெரியுமா இல்லை சொன்னார்களா என்று கேட்டுக்கொள்வேன். வேடிக்கையாக இருக்கும், அறுபது வயதுப் பெண்பிள்ளை புதிதாக நடக்கப் பழகுவது போல. எனக்கு எந்த நிறம் பிடிக்கும் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. சபை வேண்டாம் என்று விலக்கி வைத்த காப்பியை ஒருநாள் பட்டணத்தில் வாங்கிக் குடித்துப் பார்த்தேன், வேப்பங்காய்க் கசப்பு, இதற்கா இத்தனை கட்டுப்பாடு என்று கீழே ஊற்றிவிட்டேன். நீ பயப்படுகிற மாதிரி நான் ஒன்றும் தலைகால் தெரியாமல் ஆடவில்லை.

கிர்ஸ்டனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது என் ஆலய அனுமதிச் சீட்டுக்குத் தவணை முடிந்திருந்தது, அது இல்லாமல் கல்யாணம் நடக்கும் ஆலயத்துக்குள் பெற்றவளைக்கூட விடமாட்டார்கள். சம்பளமில்லாமல் நம் ஊர்ச் சபையை நடத்தும் பிஷப் ஜோர்கன்சனிடம் போய் உட்கார்ந்தேன். அவரை உனக்குத் தெரியுமே, நம் மாட்டுக்குக் கன்று குறுக்கே சிக்கியபோது ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு கையை உள்ளே விட்டு எடுத்த கால்நடை டாக்டர், தங்கமான மனுஷன். ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். இந்தச் சபை மெய்யாகவே மீட்டெடுக்கப்பட்டது என்று சாட்சி உண்டா என்று கேட்டபோது, எனக்குத் தெரியலீங்க பிஷப் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நம்பணும்னு ஆசைப்படறேன்னு சொல்லுங்க சகோதரி, அதுவே எனக்குப் போதும், கல்யாணம் வருதே என்று கெஞ்சினார். அந்தக் கேள்விகளிலேயே இன்னொன்று இருக்கிறது, நீ எல்லாவற்றிலும் நேர்மையாக நடக்கிறாயா என்று. அதற்கு நான் எப்போதும் தலை நிமிர்ந்து ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன். இதற்குப் பொய் சொன்னால் அதற்கும் பொய் சொன்னதாகிவிடும். எனக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்டாயே, அதுதான் குறைந்துவிடும். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

கிர்ஸ்டன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசியபோது, எனக்காக ஒரே ஒரு நாள் தெரியும்னு சொல்ல மாட்டியாம்மா, சொந்தக்காரங்க எல்லாம் உள்ள நிக்க நீ வெளிய நிப்பியா என்று கேட்டாள். அவள் கல்யாண உடுப்புக்குக் கை நான்தான் வைத்துத் தைத்தேன், ஆனால் ஆலயத்துக்குள் அதை அவளுக்கு உடுத்திவிட்டது அவள் மாமியார். அப்பா வெளியே என்னோடு இருந்துவிடுகிறேன் என்றார், நான்தான், பெத்தவங்கள்ல ஒருத்தராவது அவ கண்ணுக்குத் தெரியணும், போங்க என்று தள்ளி அனுப்பினேன். புல்வெளியை ஒட்டிய கல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் மாமா ஒருவர், ரோஸ்கோ என்று பெயர், லாரி ஓட்டுகிறவர், சபையை விட்டுப் பல வருடமாயிற்றாம், வாம்மா வா, பாவிங்க பெஞ்சுல எடம் நெறைய இருக்கு, உள்ளதான் நெருக்கடி என்று நகர்ந்து உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்த வாயோடு அழுகையும் வந்தது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கைக்குட்டையை நீட்டினார். என் மகள் சாவையும் தாண்டிய கல்யாணத்தில் கைபிடிக்கிறாள், நான் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளியே வந்த அப்பா, அழகா இருந்தா மார்வா என்று மட்டும் சொன்னார். படம் எடுக்க நின்றபோது கிர்ஸ்டன் என் பக்கம் திரும்பவே இல்லை, ஆனால் பூச்செண்டுக்குக் கீழே என் கையைப் பிடித்தாள், நகம் பதிகிற அளவுக்குப் பிடித்தாள், படம் எடுத்து முடிகிறவரை விடவில்லை. படத்தில் அது தெரியாது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா வண்டியைக் கல்லறைப் பக்கம் திருப்பினார். கல்யாண உடுப்போடு நீல்ஸின் கல்லருகே இருவரும் நின்றோம். அப்பா தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே, நான் அங்க போய்ச் சேர்ந்ததும் புள்ள ஓடி வந்து அம்மா எங்கப்பான்னு கேப்பானே, நான் என்ன சொல்றது என்று கேட்டார். உன் அப்பா அழுது நீ பார்த்திருக்கமாட்டாய். நானும் அன்றுதான் பார்த்தேன். அவரைத் தேற்ற ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, என்னிடம் ஒரு காலத்தில் இருந்தது, அதைச் சொன்னால் அந்த நிமிஷமே அவர் முகம் தெளிந்திருக்கும். நான் சொல்லவில்லை. தெரியலீங்க என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை உதறவில்லை. இப்போதும் படுக்கும் முன் அவர் முழங்கால் வலியோடு மண்டியிட்டு வாய்விட்டு ஜெபிக்கிறார், என் பெயர் வரும் இடத்தில் குரல் தடுக்கும், நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முடியும்வரை இருப்பேன், அவர் எழுந்திருக்கக் கை கொடுப்பேன். இப்படித்தான் போகிறது எங்கள் குடித்தனம். எனக்கு நீல்ஸ் திரும்பக் கிடைக்கமாட்டான் என்றும் எனக்குத் தெரியாது, அதையும் நீ புரிந்துகொள்ள வேண்டும். அவன் ஆறு வருடம் இருந்தான், அது தெரியும்.

இப்போது டூயி விஷயம். அடுத்த மாதம் அவளுக்கு எட்டு வயது நிறைகிறது, நம் சபையில் ஞானஸ்நானம் கொடுக்கும் வயது, அந்த ஞானஸ்நானத்துக்கு அம்மா வரலைன்னாலும் பரவாயில்ல என்று நீ கிர்ஸ்டனிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். குழந்தை மனதை நான் கலைத்துவிடுவேனோ என்று உனக்குப் பயம், பெற்றவனுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் வேண்டும், எனக்குக் கோபமில்லை. வரலாம் என்று சொன்னால் அப்பாவோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மெரே சமைப்பதைச் சாப்பிட்டுவிட்டு, பேசாமல் திரும்பிவிடுவேன். நானாக ஒரு சொல் எடுக்கமாட்டேன். ஆனால் டூயி வாய்த்துடுக்கு, உன்னைப் போலக் கேள்வி கேட்கிறவள், பாட்டி இதெல்லாம் நெஜம்னு உனக்குத் தெரியுமா என்று அவளே கேட்டால் தெரியாதுடா கண்ணு என்றுதான் சொல்வேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டேன், அதற்குக் குறைவாகவும் சொல்ல என்னால் முடியாது. இது உனக்குச் சம்மதமில்லை என்றால் நேராக எனக்கே எழுது, தங்கச்சி மூலமாகச் சொல்லி அனுப்பாதே, அதுதான் வலிக்கிறது.

முன்பெல்லாம் கடிதம் முடிக்கும்போது சபையில் சொல்லும் ஆசீர்வாதத்தையே எழுதிவிடுவேன், யோசிக்கவே வேண்டாம். இப்போது நானே தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. உன் பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்தாலும் உன்னிடம் பயமில்லாமல் பேச வரட்டும். நீ நம்புவது உன்னைக் கடைசிவரை கைவிடாமல் இருக்கட்டும். மெரேயின் கையில் பலம் குறையாமல் இருக்கட்டும், சின்னவன் நன்றாக மூச்சு விடட்டும். அப்பா, உன் வண்டிக்கு பிரேக் பார்த்தாயா என்று கேட்கச் சொன்னார்.

டூயிக்கு ஞானஸ்நானத்துக்கு வெள்ளை உடுப்பு தைத்துத் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், நான் வந்தாலும் வராவிட்டாலும் அதைத்தான் போட்டுவிட வேண்டும். கீழ் மடிப்புக்குள் சின்னச் சின்ன ஈயக் குண்டு வைத்துத் தைத்திருக்கிறேன், பிரித்துவிடாதே. உடுப்பு ஓரம் தண்ணீருக்கு மேலே மிதந்தால் செல்லாது என்று மறுபடி முக்கச் சொல்வார்கள், அவளுக்கோ தண்ணீர் என்றால் பயம். மூக்கை அவளே பிடித்துக்கொள்ளட்டும், அவளைத் தண்ணீரில் முக்கப்போகிறவன் நீதானே, முதுகுக்குக் கை கொடு, ஒரே தடவையில் முழுசாக உள்ளே போய்விடுவாள்.

என்றும் உன் அம்மா,
மார்வா