பூட்டிய கட்டுரையின் கடைசிப் பக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை, ஆனால் முதல் வரியிலேயே பொய் சொல்ல மனமில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்கு வயிற்றெரிச்சல். அப்பாவின் வலிக்குத் தைலம் இருக்கிறது. என்னுடையது உன் சித்தியால் வந்தது, வந்து ஒரு வருஷமாகிறது, முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கு இதற்கு மருந்து தெரியவில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் நடுவில் நீ ஒரு நிமிஷம்மா என்று போய்விடுவாய், திரும்பி வருவதற்குள் சொல்ல வந்தது மறந்து கோபம் மட்டும் மிஞ்சும். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன வாரம் பேசும்போது உன் குரல் கம்மியிருந்தது, வெந்நீர் குடி, தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் பல்லிகளைப் பற்றிய உன் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்த வாரம் சித்தி செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே வந்தாள். போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, அக்கா, பாப்பா எழுதினது, கடைசிப் பக்கத்தைப் பாரு, என்னைப் பத்திப் போட்டிருக்கா என்றாள். கண்ணாடி இல்லை என்றேன். கண்ணாடி என் தலைமேல்தான் இருந்தது, அவளும் பார்த்தாள், அதைப் பற்றி இரண்டு பேரும் இன்றுவரை மூச்சு விடவில்லை. அந்தக் கட்டுரை எல்லாருக்கும் கிடைக்காதாம், பணம் கட்டாதவர்களுக்குப் பூட்டி வைத்திருப்பார்களாம், நீயே அவளுக்கு அனுப்பினாயாம். அந்த ஞாயிற்றுக்கிழமை, என்னவோ எழுதினாயாமே என்று உன்னிடம் பட்டும் படாமலும் கேட்டேன். அது உனக்குப் புரியாதும்மா, போரடிக்கும் என்றாய். சித்திக்கு மட்டும் போரடிக்காதா? மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லவே என்னைக் கூப்பிடுகிறவள் அவள். சரி, கையேந்தி வாங்கிப் படிக்க மாட்டேன், நானே தேடிப் படிக்கிறேன் என்று முடிவு செய்தேன். அனுப்பச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டால் ஆச்சு என்று அப்பா சொன்னார், அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஒரு மாதம் மனதோடு மல்லுக்கட்டிவிட்டுப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். வெளியாட்களுக்கு ஒருநாள் சீட்டுக் கொடுக்கிறார்கள், எதற்கு வந்தோம் என்று எழுத வேண்டும், ஆராய்ச்சி என்று எழுதினேன். மூன்றாம் மாடியில் ஜன்னலோரம் ஆறு கம்ப்யூட்டர், எனக்கு வாய்த்ததில் மவுஸ் இடப்பக்கம் போக மறுத்தது. பெரிய தேடல் கட்டத்தில் உன் பெயரை அடித்தேன். உன் பெயரில் இன்னொருத்தி இருக்கிறாள், சிமெண்ட் பற்றிப் பதினேழு கட்டுரை எழுதியிருக்கிறாள். உன்னைக் காணோம். பதினேழையும் அவளைப் பெற்றவளுக்கு அனுப்பியிருப்பாளோ என்று முகம் தெரியாத அந்த அம்மாள்மேலும் பொறாமை வந்தது, பார்த்துக்கொள். விசாரணை மேசையில் குட்டை முடியோடு ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆளைத் தேடாதீங்கம்மா, இதழைத் தேடுங்க என்றாள். இதழின் பெயர் எனக்குத் தெரியும், சித்தி போனை நீட்டியபோது கண்ணாடி இல்லாமலே படித்துவிட்டேன். மின்னிதழ்ப் பட்டியலுக்குள் போய்ப் பெயரை அடித்தால், எந்த டேட்டாபேஸில் எந்த வருஷத்திலிருந்து எதுவரை இருக்கிறது என்று கீழே சின்ன எழுத்தில் வருகிறது, அதைப் படிக்காமல் எதையும் அழுத்தக் கூடாதாம். உன் இதழ் இரண்டில் இருந்தது. ஒன்று பழைய வருஷங்களோடு நின்றுவிட்டது. இன்னொன்றில் எல்லாம் உண்டு, கடைசிப் பன்னிரண்டு மாதம் தவிர. உன் தலைப்பு தெரிந்தது, ஐந்து வரிச் சுருக்கம் தெரிந்தது, தலைப்பை அழுத்தினால் பூட்டுப் படம், வெளிவந்து ஒரு வருஷம் ஆனால்தான் திறக்குமாம். பாவம், அந்தப் பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை. எழுதினவங்களுக்கே ஒரு மெயில் போடுங்கம்மா, சந்தோஷமா அனுப்புவாங்க, அவங்களைத் தெரியுமா என்று கேட்டாள். அவ்வளவா பழக்கமில்லை என்றேன். படியிறங்கும்போதுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

அப்புறம் பதினோரு மாதம் காத்திருந்தேன். காலண்டரில் தேதியைச் சுற்றி வட்டம் போட்டேன், அப்பா அது காஸ் சிலிண்டருக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் சித்தி அந்தக் கடைசிப் பக்கத்தைப் பிரிண்ட் போட்டுத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள், பால்காரர் வரைக்கும் காட்டியாயிற்று. நான் அங்கே போனால் சுவருக்கு முதுகைக் காட்டி உட்காருவேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை பூட்டுத் திறந்தது. காலை பத்து மணிக்கு நூலகத்தில் உட்கார்ந்தவள் மூன்றரைக்குத்தான் எழுந்தேன், பதினெட்டுப் பக்கம். இங்கிலீஷ் எனக்கு வார்டு அளவுக்குத்தான் தெரியும், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். புரியாது என்றாயே, விளக்கடியில் இடம் கிடைக்காத பல்லி போய்விடுவதில்லை, தள்ளி நிழலில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது என்று ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். இதற்கு மூன்று வருஷம் பல்லியைப் பார்க்க வேண்டுமா, என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒன்பதாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சித்தியைக் கேட்டுப் பார். கடைசியில் நன்றி. உன் பேராசிரியருக்கு, கூட வேலை செய்தவர்களுக்கு, அப்புறம் வீட்டில் யாருமில்லாத மாலைகளில் என்னோடு உட்கார்ந்து பல்லிகளை எண்ணிய என் சித்திக்கு. நாலு தடவை படித்தேன். அகராதி தேவைப்படவில்லை.

பாப்பா, எனக்குப் பொறாமைதான், மூடி மறைக்கவில்லை. இது இப்போது வந்ததும் இல்லை. பதினோரு வருஷம் எனக்கு மத்தியானம் இரண்டிலிருந்து ராத்திரி எட்டுவரை டியூட்டி, அப்பாவும் டிப்போவிலிருந்து எட்டரைக்குத்தான் வருவார். நான் வரும்போது நீ சாப்பிட்டு, முகம் கழுவி, அன்றைக்கு நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்லி முடித்திருப்பாய். எனக்கு மிச்சம் தூக்கக் கலக்கம்தான். ஒருநாள் தலைவலி என்று பொய் சொல்லி நாலு மணிக்கே வந்து சித்தியை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நீ கதவருகே போய் நின்றுகொண்டு என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. உனக்கு ஞாபகம் இருக்காது, ஆறு வயது. பிறகு நான் பொய் சொல்லி லீவு போட்டதில்லை.

அந்த நன்றியிலிருந்து சித்தியை எடுக்கச் சொல்லவில்லை. அவள் உட்கார்ந்தாள், எண்ணினாள், அது அவளுக்குச் சேர வேண்டியது, மாட்டிக்கொள்ளட்டும். யாருமில்லாத என்ற அந்தச் சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வெளிவந்த கட்டுரையில் தப்பு இருந்தால் என்ன செய்வார்கள் என்று குட்டை முடிப் பெண்ணைக் கேட்டேன், திருத்தம் என்று தனியாகப் போட்டு அதோடு கோர்த்துவிடுவார்களாம். அந்த அளவுக்கெல்லாம் வேண்டாம். ஆனால் இன்னொரு தடவை எழுதுவாய் அல்லவா, அப்போதைக்குச் சொல்கிறேன். வார்டில் ரவுண்டு போகும்போது கட்டிலில் நோயாளி இல்லையென்றால் ஆளில்லை என்று சார்ட்டில் எழுத நான் யாரையும் விட்டதில்லை. எங்கே போயிருக்கிறார் என்று எழுத வேண்டும், எக்ஸ்ரேக்கு, குளியலறைக்கு, ஆபரேஷனுக்கு. வெறுமனே ஆளில்லை என்றால் அடுத்த ஷிப்டுக்காரி விரிப்பை மாற்றி வேறொருவரைப் படுக்க வைத்துவிடுவாள். நீயும் அப்படி எழுது. நன்றியெல்லாம் வேண்டாம். அம்மா டியூட்டியில் இருந்தாள் என்று எழுது, போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். எடுத்த காரியமெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும், நூறு வயது இருக்க வேண்டும். வெந்நீரை மறக்காதே. இந்தக் கடிதத்தைச் சித்தியிடம் படித்துக் காட்டாதே. அடுத்து எது எழுதினாலும் எனக்கும் அனுப்பு, புரியாவிட்டால் புரியவில்லை என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா