முன்பக்க ஸ்பீக்கர்

அன்பு மகளுக்கு,

நம் பழைய வேனில் பாட்டு செட் மாட்டியாயிற்று. பின்னால் இருக்கிற கட்டிலில் படுத்தபடிதான் அம்மா இப்போது மதுரை ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். செட் மாட்ட வந்த பிரைட்டனிடம், அவள் தலைமாட்டில் ஸ்பீக்கர் வைக்கச் சொன்னேன்.

“முன்னால வைப்பா. ஓட்டுத அண்ணாச்சிக்குத்தான் பாட்டு வேணும்” என்று என்னைக் காட்டிச் சொல்லி மாற்றிவிட்டாள்.

நம் சபைப் பாடகர் குழுவின் கீர்த்தனைகளைப் போட்டேன். அதில் அவள் குரலும் உண்டு. சத்தமாக வைக்கச் சொன்னாள்.

உப்பளத்துப் பக்கம் ரயில்வே கேட்டில் நின்றபோது செட்டை அணைத்தேன். பின்னால் முனகல் கேட்டது. பாட்டு நின்றது தெரிந்ததும் அதுவும் நின்றது.

“ஏன் நிப்பாட்டிட்டிய?”

“கரகரன்னு இருந்துச்சி” என்று சொல்லி, மறுபடி போட்டேன்.

வண்டியில் போகும்போது நீ கூப்பிட்டால் இரைச்சலாக இருக்கும். குறைக்கச் சொல்லாதே. அம்மா பாடிக்கொண்டிருப்பாள்.

அன்புடன்,
அப்பா