கோணல் கத்தி அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை உங்கள் மருமகள் பட்டறைக்கு வந்தாள். சாக்குத் துணியில் சுற்றிய கத்தியொன்றைத் தரையில் வைத்துவிட்டு, "கொஞ்சம் தீட்டிக் குடுங்கம்மா, பலாப்பழம் அறுக்கோணும்" என்றாள். துணியைப் பிரிப்பதற்கு முன்பே பலாப்பாலின் வாசனை வந்துவிட்டது. பிரித்தால், நீங்கள் செய்த கத்தி. முதுகு ஒரு பக்கம் சாய்ந்து, மூக்கு மறுபக்கம் திரும்பி, கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போகிற பெண்ணைப்போல இருந்தது. கொல்லிமலை முழுக்கத் தேடினாலும் இத்தனை கோணலாக இன்னொரு கத்தி கிடைக்காது. சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் பயந்துபோய், "ஏனுங்கம்மா, ஒடைஞ்சுபோச்சுங்களா?" என்று கேட்டாள்.

"கத்தி நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஒங்க அத்தை நெனப்பு வந்துட்டுது" என்றேன்.

அவள் போன பிறகு வேலை ஓடவில்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன். சேந்தமங்கலத்தில் எங்கள் அப்பா எனக்கு நாலெழுத்துச் சொல்லிக்கொடுத்தது இதற்காவது உதவட்டும். இதைப் படிக்க நீங்கள் இல்லை. இருந்திருந்தாலும் உங்களுக்குப் படிக்கத் தெரியாது. ஆகையால் என் இஷ்டத்துக்கு எழுதுவேன், நீங்கள் குறுக்கே பேச முடியாது. உங்களோடு பழகிய இத்தனை காலத்தில் நான் முழுசாகப் பேசி முடிக்கப்போவது இதுதான் முதல் தடவை.

நீங்கள் முதன்முதலாக எங்கள் பட்டறைக்கு வந்தது ஐப்பசி அடைமழையில். தலையில் மழைக்குக் கவிழ்த்த கொங்காடி, கையில் மழுங்கிப்போன அரிவாள். காட்டுக்குப் போக முடியாத மழை. அரிவாளைக் கொடுத்துவிட்டுப் போகாமல், உலைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு குளிர் காய்ந்தீர்கள். எங்கள் வீட்டுக்காரர் குறட்டில் இரும்பைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்க, நான் சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தேன். சிவந்த இரும்பு தண்ணீரில் இறங்கி வெளியே வந்து, அதன் மேல் வைக்கோல் நிறமும் நீலமும் மெல்ல ஓடியதைப் பார்த்ததும் நீங்கள் எழுந்து நின்றுவிட்டீர்கள்.

"ஏனுங்கண்ணா, இது மாதிரி ஒண்ணு நானும் செய்யோணுமுங்க" என்றீர்கள்.

அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "இரும்பு அடிக்கிற எடத்துல ஈக்கு என்ன வேலைங்கம்மா?"

"ஈக்கு வேலையே இல்லீங்கண்ணா. அதனாலதான வந்திருக்குது."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் விடவில்லை. கவுண்டர் வீடான உங்கள் வீட்டில் கேழ்வரகும் சாமையும் குதிர் நிறைய இருந்தன. ஒரு கத்தி வேண்டுமென்றால் ஆள்விட்டு அடித்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் உங்களுக்குக் கத்தி தேவையில்லை. கத்தி செய்கிற வேலைதான் தேவை. இப்படி ஓர் ஆசையை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. பிழைப்புக்கு இரும்படிப்பவர்கள் உண்டு. மழைக்காலத்தில் பொழுது போக்குவதற்கென்று இரும்படிக்க வந்தவர் நீங்கள் ஒருவர்தான். உள்ளுக்குள் எனக்கு எரிச்சல்கூட வந்தது. கை காய்த்துப்போய்க் கிடக்கிறேன் நான், இந்தம்மாவுக்கு இது ஆசையா என்று.

எங்கள் மாமனார் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்பிள்ளை துருத்தி ஊதலாம், கரி உடைக்கலாம், சம்மட்டி அடிக்கலாம். குறட்டைத் தொடக்கூடாது. குறடு யார் கையிலோ அவரே ஆசாரி. இரும்பை எப்போது எடுப்பது, எந்தப் பக்கம் திருப்புவது, எப்போது தண்ணீரில் விடுவது, எல்லாம் குறடு பிடித்த கைதான் சொல்லும். சம்மட்டிக்காரி அது காட்டிய இடத்தில் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். கல்யாணமாகி மலையேறி வந்த நாள் முதல் நான் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளும் குறட்டைத் தொட்டதில்லை. தொட வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. இல்லை, பொய் எதற்கு? தோன்றியது. யாரிடமும் சொன்னதில்லை.

"அண்ணா, நான் என்ன ஆசாரியா ஆகப்போறனா? இது வெளாட்டுங்க" என்றீர்கள் நீங்கள். "வெளாட்டுக்குக் கொறடு புடிச்சா சாமி கோவிச்சுக்குமா?"

அவர் யோசித்தார். விளையாட்டு என்ற சொல்லுக்கு எதிராக அவரிடம் சட்டம் எதுவும் இல்லை. "என்னமோ பண்ணுங்க. கையைச் சுட்டுக்கிட்டு எம்மேல பழி போடாதீங்க" என்று வெற்றிலை போட வெளியே போய்விட்டார். போகும்போது, "கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்துட்டாங்க" என்று முணுமுணுத்தது நம் இரண்டு பேர் காதிலும் விழுந்தது.

உங்களுக்குச் சுத்தியல் அடிக்கத்தான் ஆசை. ஓங்கி ஓங்கி அடிப்பீர்கள். இரும்பைப் பிடித்துக் கொடுக்க ஆள் வேண்டுமே? "நீ புடி அம்மிணி" என்று குறட்டை என் பக்கம் தள்ளினீர்கள். நான் வாசலைப் பார்த்தேன். "அட, வெளாட்டுதான புள்ள" என்றீர்கள். எடுத்தேன். நான் குறட்டை முதன்முதலாகத் தொட்டதை நீங்கள் கவனிக்கவில்லை. உங்கள் கண்ணெல்லாம் கத்தியாக்க எடுத்து வைத்திருந்த உடைந்த அரத்துண்டின் மேல்தான் இருந்தது.

முதல் கத்தி தண்ணீரில் விட்டதும் 'டிக்'கென்று விரிசல் விட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை நீங்களே தோய்க்கப்போவதாகச் சொல்லிக் குறட்டைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினீர்கள், பாருங்கள், அந்தக் கூத்தை இப்போது நினைத்தாலும் வயிறு வலிக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவருடைய சாமைக் கஞ்சிப் பானை இருந்தது. புகையில் கண் தெரியாமல், பழுக்கக் காய்ந்த கத்தியைக் கஞ்சிக்குள் விட்டுவிட்டீர்கள். கொதித்துப் பொங்கிக் கஞ்சி உங்கள் சேலையெல்லாம் தெறித்தது. அவர் ஓடிவந்து, "ஐயோ, என்ற கஞ்சி!" என்று கத்தினார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணா, சூடாத்தான் இருக்குது, குடிச்சுக்குங்க" என்றீர்கள்.

ஆனால் அந்தக் கத்தி விரியவில்லை. கோணிக்கொண்டது, விரியவில்லை. அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அரத்தால் உரசிப் பார்த்தார், கீழே வைத்தார். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து மெல்லிசுக் கத்தி அடிக்கிற நாளில், "ஏம்புள்ள, கஞ்சி ஒரு பானை சேத்து வையி" என்பார். எதற்கென்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஆம்பிளை வீம்பு.

பிறகு மழை பெய்தால் போதும், வந்துவிடுவீர்கள். செய்த கத்தியையெல்லாம் வீடு வீடாகக் கொண்டுபோய்த் தரையில் வைத்துவிட்டு, "எடுத்துக்க, சும்மாதான்" என்பீர்கள். உங்கள் வாய்க்குப் பயந்து எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஒன்றாவது நேராக வந்ததா? இல்லை. நீங்கள் கடைசிவரை தேறவே இல்லை, அக்கா. அதைப் பற்றி உங்களுக்குத் துளி வருத்தமும் இருந்ததில்லை. உங்களுக்குப் பிடித்துக்கொடுத்துப் பிடித்துக்கொடுத்துத் தேறியது என் கைதான். இரும்பின் சிவப்பில் எது அரைச்சூடு, எது பதம் என்று என் கண்ணுக்குப் பிடிபட்டது. விளையாட்டென்று பேர் வைத்திருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. நான்கூட.

அடுத்த வருஷம் மழையின் கடைசியில் அவர் விழுந்தார். உலகச் சண்டைக் காலம். இரும்பு கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. சேந்தமங்கலத்தில் யாரோ பழைய இரும்பு வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு இறங்கிப் போனவர், சுமையோடு மலையேறும்போது பாசிப் பாறையில் சறுக்கி, வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டு வந்தார். வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கட்டிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கை கூடும் சாமி. சுத்தி புடிக்கற கையா கூடாது" என்றார்.

வெளியே சாமை பழுத்து நின்றது. மலையில் எங்கள் பகுதியான ஆலத்தூர் நாட்டில் எங்கள் பட்டறையை நம்பியிருந்த ஊர்களில் ஒவ்வொரு வீட்டிலும் அரிவாள் பல் போய்க் கிடந்தது. அறுப்புக்கு முன் அரிவாளை அடித்துக் கொடுத்தால்தான் களத்தில் எங்களுக்குத் தானியம் அளப்பார்கள். கொடுக்காவிட்டால் கீழே இறங்கி வேறு ஆசாரியைப் பார்த்துக்கொள்வார்கள். ஒரு வருஷம் போனவர்கள் மறுவருஷம் ஏன் திரும்ப வரப்போகிறார்கள்? பட்டறையில் உலை அணைந்தால் அடுப்பில் உலை ஏறாது. இரண்டுக்கும் ஒரே பேர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

"நான் அடிக்கறனுங்க. கொறடும் நானே புடிச்சுக்கறேன்" என்று அவரிடம் கேட்டேன்.

"பட்டறையைச் சாத்து" என்றார். "பொம்பள கொறடு புடிச்ச பட்டறைன்னு எங்கப்பன் பேரைக் கெடுக்காத. பட்டினி கெடந்தாலும் கெடப்பம்."

நான் சாத்தினேன். சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் அழவில்லை, ஆத்திரத்தில் அழுதேன். பட்டினி கிடக்கப்போவது அவர் மட்டுமா?

மறுநாள் வெயில் வந்தது. நீங்களும் வந்தீர்கள், தலையில் ஒரு சாக்கு மூட்டையோடு. நேராகப் பட்டறை ஓரத்துக் கட்டிலில் படுத்திருந்த அவர் முன்னால் போய் இறக்கினீர்கள். உள்ளே அரிவாள்கள். ஊர் ஊராகப் போய், "ஆசாரி ஊட்ல வேலை நடக்குது, குடுங்க" என்று வாங்கிக்கொண்டு வந்திருந்தீர்கள். கூசாமல் பொய்.

"ஏனுங்கண்ணா, மழை விட்டிருக்குது. நானும் அம்மிணியும் சித்த நேரம் வெளாடிட்டுப் போறமுங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் இறுகியது. "ஊரார் அருவாளு வெளாட்டுச் சாமானுங்களா?"

"நாங்க வெளாண்டா கத்தி கோணிக்கும், அத்தனைதான? கோணுனா நானே ஊடு ஊடாப் போயி, 'நாந்தான் கெடுத்தேன், ஆசாரி தொடவே இல்லை'ன்னு சொல்லிக்கறேன். பேரு கெட்டா என்ற பேரு கெடட்டும். எனக்கென்ன, நான் ஈதானுங்களே?"

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினீர்கள்.

உலையை மூட்டினோம். துருத்தியும் சம்மட்டியும் உங்களுக்கு, குறடு எனக்கு. முதல் அரிவாளை எடுத்துப் பட்டறைக்கல்லில் வைத்தபோது, நீங்கள் வழக்கம்போல ஓங்கினீர்கள். "மெதுவா!" என்று அதட்டினேன். உங்களை அதட்டியது அன்றுதான். நீங்கள் அடங்கி, நான் தட்டிக் காட்டிய இடத்தில் அடித்தீர்கள். நாலு அடி விழுந்திருக்கும். சுவர்ப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஏம்புள்ள, சூடு பத்தல. சத்தம் செத்துக் கேக்குது. இன்னும் ஊதச் சொல்லு."

நாம் இரண்டு பேரும் அசையாமல் நின்றோம். பிறகு நீங்கள் ஓடிப்போய்த் துருத்தியை மிதித்தீர்கள். அவர் திரும்பவில்லை. ஆனால் அன்று பொழுது சாயும்வரை, முகத்தைச் சுவருக்குக் கொடுத்தபடியே, காதால் கேட்டே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி அரிவாளுக்கு எதுவும் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தால் தூங்கியிருந்தார்.

எல்லோரும் சந்தோஷமாக வாங்கிப் போனார்கள் என்று எழுதினால் நீங்கள் மேலேயிருந்து சிரிப்பீர்கள். ஒரு பெரியவர் அரிவாளை முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்து, "பொம்பள கை பட்டது ஆகாது" என்று கீழே இறங்கிப் போனார். மற்றவர்கள் அறுத்தார்கள். சாமை அறுபட்டது. சாமைக்கு யார் கை என்று தெரியவில்லை போலும். களத்தில் தானியம் அளந்தார்கள். அந்தத் தையில் எங்கள் வீட்டில் பொங்கல் பொங்கியது.

நீங்கள் மட்டும் மறுபடி உங்கள் கோணல் கத்திக்கே போய்விட்டீர்கள். "அருவாளெல்லாம் வேலை, அம்மிணி. எனக்கு ஆகாது" என்றீர்கள்.

போன மாசியில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. நான் வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அனலாக இருந்தது. "ஒண்ணாவது நேரா வந்துதா அம்மிணி?" என்று கேட்டீர்கள். "ஒண்ணுகூட இல்லைங்கக்கா" என்றேன். அந்த நிலைமையிலும் சிரித்தீர்கள். நேராக வந்தது என்று பொய் சொல்லியிருக்கலாமோ என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். இல்லை. பொய் சொல்லியிருந்தால் நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

உங்களிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் இத்தனையும்.

அவர் கை கூடிவிட்டது, ஆனால் கோப்பையைத்தான் பிடிக்கிறது, சுத்தியைப் பிடிப்பதில்லை. இப்போது துருத்தி ஊதுவது அவர்தான். இருந்தாலும் யார் வந்து ஆசாரி எங்கே என்று கேட்டாலும், "நாந்தான், சொல்லுங்க" என்பார். வேலையை வாங்கி உள்ளே கொண்டுவந்து, "இதைப் பாரு" என்று என் முன்னால் போடுவார். நானும் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்தேன்.

நேற்று மலையின் அடுத்த நாட்டிலிருந்து முன்பின் தெரியாத ஓர் ஆள் மழுங்கிப்போன களைக்கொத்தோடு வந்தார். எங்கள் வீட்டுக்காரர் வாசலில் கரி உடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே என் குறட்டில் சிவந்த இரும்பு.

"ஏனுங்க, ஆசாரி இருக்காருங்களா?"

சுத்தியை ஓங்கிய என் கை அப்படியே நின்றது. கரி உடைக்கிற சத்தமும் நின்றது.

"இருக்காங்க" என்றார் அவர். "உள்ள வேலையா இருக்காங்க. சித்த உக்காருங்க."

மலையேறி வந்த நாள் முதல் அவர் வாயில் நான் 'அவ'தான், 'ஏம்புள்ள'தான். அக்கா, இரும்பு கறுத்து ஆறிப்போகும்வரை நான் அப்படியே நின்றேன். மறுபடி உலையில் வைக்கும்போது கண் மறைத்தது. அவர் வந்து துருத்தியில் கால் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஊதினார்.

நீங்கள் இருந்திருந்தால் வேலையைப் போட்டது போட்டபடி உங்கள் வீட்டுக்கு ஓடிவந்திருப்பேன். அந்த 'ங்க'வில் பாதி உங்களுடையது.